பக்கத்து ஊரில் பாதி விலைக்கு வீடு

வீடு தேடத் தொடங்கிய நாளில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். இடப்பக்கத் தாள்களில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் நகரம். வலப்பக்கத்தில் 40 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பக்கத்து நகரம். நேரில் போய்ப் பார்த்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. பரப்பளவு, விலை, கட்டி எத்தனை ஆண்டு, எத்தனையாவது மாடி, காலை வெயில் எந்த அறையில் விழுகிறது. எட்டு மாதத்தில் 31 வரிகள் சேர்ந்தன. இரண்டு பக்கத்தையும் எதிரெதிரே வைத்துப் படித்தால் யாருக்கும் ஒன்றுதான் தோன்றும்: இங்கே 100 கொடுத்து வாங்குகிற வீடு அங்கே 56-க்குக் கிடைக்கிறது. அதுவும் ஓர் அறை கூடுதலாக.

என் கணவர் அந்த 56-ஐச் சுற்றி வட்டம் போட்டார். எனக்கும் மனம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. 12 ஆண்டுகளாக, சுவரில் ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டு வாழ்ந்தவளுக்கு, சொந்தமாகக் கூடுதல் அறை என்பது சின்ன ஆசை இல்லை. முன்பணம் எப்போது கொடுப்பது என்பதுவரை பேச்சு வந்துவிட்டது. அப்போதுதான், அதுவரை நோட்டைப் பார்க்காமலே இருந்த அம்மா கேட்டார்: “ஒரே மாதிரி வீடு, பக்கத்துப் பக்கத்து ஊர். அப்புறம் எப்படி இத்தனை வித்தியாசம்? அங்கே என்ன இல்லை?”

எங்களிடம் பதில் இல்லை. 31 வீடுகளின் விலை தெரிந்திருந்தது. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டுக்கொண்டதில்லை. முன்பணத்தைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கு விடை தேடினேன். தேடியதில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இரண்டு ஊர்களுக்கு நடுவில் நின்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவருக்காவது இது உதவும் என்று நம்புகிறேன்.

முதலில் புரிந்தது, அந்த விலை வித்தியாசத்தில் வீட்டுக்குப் பங்கே இல்லை என்பது. செங்கல், கம்பி, சிமெண்ட், கதவு, ஜன்னல், கொத்தனார் கூலி எல்லாம் இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே செலவு. 40 கிலோமீட்டர் தாண்டினால் சிமெண்ட் மூட்டை பாதி விலைக்கு வந்துவிடாது. வித்தியாசம் முழுவதும் கட்டடத்துக்கு அடியில் கிடக்கும் மண்ணில் இருக்கிறது. ஐந்தாவது மாடியில் வாங்கினாலும் நாம் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி, நம் கால் படாத அந்த மண்ணுக்குத்தான் போகிறது. கத்தரினா நோல், மோரிட்ஸ் ஷுலாரிக், தாமஸ் ஸ்டெகர் என்ற மூன்று பொருளியலாளர்கள் 14 முன்னேறிய நாடுகளின் வீட்டு விலைகளை 1870 முதல் 2012 வரை திரட்டி, 2017-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வீட்டு விலை ஏறியதில் சுமார் 80 சதவீதத்துக்கு நிலத்தின் விலையேற்றமே காரணம் என்று அதில் கண்டார்கள். கட்டடம் குடிபுகுந்த நாளிலிருந்து பழசாகிக்கொண்டே போகிறது. ஏறுவதெல்லாம் இடம்.

அப்படியானால் ஓர் இடத்துக்கு எதைக் கொண்டு விலை வருகிறது? இதற்கு நான் படித்த விளக்கங்களில் மிகப் பழையதே மிகத் தெளிவாக இருந்தது. ஜெர்மனியின் மெக்லென்பர்க் பகுதியில் பண்ணை வைத்திருந்த யோஹான் ஹைன்ரிச் ஃபான் தூனன் 1826-ல் எழுதியது. சுற்றிலும் ஒரே மாதிரி வளமான சமவெளி, நடுவில் ஒரே ஒரு சந்தை நகரம் என்று அவர் கற்பனை செய்துகொண்டார். மண் எங்கும் ஒன்றுதான். ஆனாலும் நகரத்துக்கு அருகில் உள்ள வயலுக்குக் குத்தகை அதிகம். தள்ளிப் போகப் போகக் குறைகிறது. ஏனென்றால் தொலைவில் விளைவதை வண்டி கட்டிச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டும். அந்த வண்டிச் செலவு மிச்சமாவதால்தான் அருகில் இருப்பவரால் அதிகக் குத்தகை கொடுக்க முடிகிறது. சீக்கிரம் கெட்டுப்போகும் பாலும் காய்கறியும் நகரத்தை ஒட்டி, கனமான விறகு அதற்கு அடுத்து, தானியம் அதற்கும் அப்பால், தானே நடந்து வரக்கூடிய கால்நடை கடைசியில் என்று அவருடைய சமவெளி வளையம் வளையமாகப் பிரிந்துகொள்கிறது.

1964-ல் வில்லியம் அலோன்சோ என்ற நகரப் பொருளியலாளர் இதே எண்ணத்தை நகரத்துக்குள் கொண்டுவந்தார். தூனனின் பால் வண்டி இருந்த இடத்தில் அலுவலகம் போகும் மனிதர் வந்து உட்கார்ந்தார். வேலை நடுவில் இருக்கிறது. வீடு தள்ளி இருக்கிறது. தினமும் சந்தைக்குக் கொண்டுபோக வேண்டிய சரக்கு நாமேதான். தொலைவில் வீடு மலிவாக இருப்பது அந்தப் போக்குவரத்துக்கு ஈடாக. இதைப் படித்த அன்று இரவு நோட்டை எடுத்து 56 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் 44 என்று எழுதினேன். மிச்சமாகிறது என்று நாங்கள் மகிழ்ந்துகொண்டிருந்த அந்த 44, உண்மையில் எங்களுக்குக் கொடுக்கப்படவிருந்த ஒரு கூலி. என்ன வேலைக்கு என்பதைத்தான் கணக்கிட வேண்டியிருந்தது.

கணக்கிட்டேன். இப்போது வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு 25 நிமிடம். பக்கத்து ஊரிலிருந்து 75. ஒரு வழிக்கு 50 நிமிடம் கூடுதல். போக வர 100. ஆண்டுக்கு 240 வேலை நாள் என்று வைத்தால் 400 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 50 நாள். கடன் தீரும் 20 ஆண்டுகளில் 1,000 வேலை நாள். என் கணவர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டுமே அலுவலகம் போகிறவர். அவருக்கு ஆண்டுக்குச் சுமார் 160 மணி நேரம். இது ஒரு தட்டு.

மறு தட்டில் பணம். ஆண்டுக்கு 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் வாங்கினால், 100-க்கு ஏறக்குறைய 200 திருப்பிக் கட்டுகிறோம். அதே கடனை 15 ஆண்டில் முடித்தால் 172. ஆக, அந்த 44-ஐக் கடனாக வாங்குவதாக இருந்தால் அது 88 ஆகிவிடும். விலைப் பட்டியலில் தெரியும் வித்தியாசத்தைவிடத் தவணைப் பட்டியலில் தெரியும் வித்தியாசம் இரண்டு மடங்கு. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் இருவருடைய பயண மணி நேரங்களையும் கூட்டி, அந்த 88-ஐ அதனால் வகுத்து, டிக்கெட் செலவையும் கழித்துப் பார்த்தேன். பயணத்தில் கழியும் ஒரு மணி நேரத்துக்கு, நான் அலுவலகத்தில் ஒரு மணி நேரம் உழைத்துச் சம்பாதிப்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமாயிற்று. பணக் கணக்கு பக்கத்து ஊருக்குச் சாதகமாகவே நின்றது. அம்மாவின் கேள்வி மட்டும் குறுக்கே வந்திருக்காவிட்டால், அந்த இரவே முடிவெடுத்திருப்போம்.

ஆனால் ஒரு மணி நேரமும் இன்னொரு மணி நேரமும் சமம் என்று கணக்கு நம்புகிறது. மனிதர்களிடம் கேட்டுப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ஆலன் குரூகர் முதலானோர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம், முந்தைய நாளின் ஒவ்வொரு பகுதியும் எப்படிக் கழிந்தது என்று கேட்டு எழுதச் சொன்னார்கள். 2004-ல் வெளியான அந்த ஆய்வில், நாளின் மிகக் கசப்பான பொழுதாகக் காலை நேரப் பயணம் நின்றது. அலுவலக வேலையைவிட, வீட்டு வேலையைவிட. புருனோ ஃப்ரை, அலோய்ஸ் ஸ்டட்ஸர் என்ற பொருளியலாளர்கள் இருவரும் ஜெர்மனியில் ஆண்டுதோறும் ஒரே குடும்பங்களிடம் எடுக்கப்படும் கணக்கெடுப்பை ஆராய்ந்தார்கள். அலோன்சோ சொன்னபடி பார்த்தால், நெடுந்தூரம் பயணம் செய்கிறவர் மலிவான வீட்டாலோ நல்ல சம்பளத்தாலோ அதற்கு ஈடு பெற்றிருக்க வேண்டும். மன நிறைவில் மற்றவர்களுக்குச் சமமாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையைப் பற்றி அவர்கள் சொன்ன நிறைவு குறைந்துகொண்டே வந்தது. கூடுதல் அறைக்கு நாம் சீக்கிரம் பழகிவிடுகிறோம், பயணத்துக்கு அத்தனை எளிதாகப் பழகுவதில்லை என்பது என் எண்ணம்.

எண்களை வைத்துக்கொண்டு எவ்வளவு நாள் பேசுவது? விடுமுறைக் காலத்தில், அந்த ஊரில் ஒரு வீட்டின் மேல்மாடியை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தோம். எனக்கு விடுமுறை இல்லை. அதனால்தான் அந்த வாரம். நான், கணவர், மகள், அம்மா நால்வரும் பெட்டியோடு போய் இறங்கினோம். வீடு வாங்க நினைக்கும் எல்லாரிடமும் நான் இப்போது சொல்லும் முதல் யோசனை இதுதான்: ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய் வீட்டைப் பார்க்காதீர்கள், திங்கட்கிழமை காலையில் அங்கிருந்து கிளம்பிப் பாருங்கள்.

திங்கட்கிழமை 6:40 பஸ். ஏறும்போது பாதி இருக்கைகள் காலி. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். வெயில் ஏறாத சாலை, இரு பக்கமும் பனி மூட்டம். இவ்வளவுதானா, இதற்கா பயந்தோம் என்று தோன்றியது. அலுவலகத்தை 72 நிமிடத்தில் அடைந்தேன். செவ்வாய்க்கிழமை 78. புதன்கிழமை செருப்பு வார் அறுந்து, நான் நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம் தாமதமாக வந்தேன். பஸ் திரும்பும் முனையில் அதன் பின்பக்கம் மட்டும் தெரிந்தது. அடுத்தது 7:20-க்கு. 40 நிமிடம் கழித்து வந்த அந்த பஸ், நகரத்தின் வாசலில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அன்று வீட்டு வாசலிலிருந்து அலுவலக நாற்காலிவரை 2 மணி 10 நிமிடம். என் நோட்டில் 75 நிமிடம் என்று எழுதியிருந்தது பொய் இல்லை. ஆனால் அது சராசரி. தவறவிட்ட இரண்டு நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் அபராதம் கட்ட வேண்டிய வாழ்க்கையில், ஆள் சராசரிக்கு ஏற்ப வாழ்வதில்லை. மிக மோசமான நாளுக்கு ஏற்பத்தான் வாழ்கிறார். வியாழக்கிழமை 6:25-க்கே நிறுத்தத்தில் நின்றேன். அங்கே முன்பே 20 பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் எல்லாருக்கும் ஒரு புதன்கிழமை நடந்திருக்கும் என்று புரிந்தது.

மாலையில் திரும்பும்போது என் எதிர் இருக்கையில் ஒரு பெண், பையைக் கைப்பிடிக் கம்பியோடு சேர்த்துக் கைக்குட்டையால் முடிச்சுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று நிறுத்தம் தாண்டியதும் அவரே விழித்து, முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்து இறங்கினார். வெள்ளிக்கிழமையும் அதே முடிச்சு, அதே நிறுத்தம். எத்தனை ஆண்டு போய் வந்தால் உடம்பு அந்த இடத்தை அப்படிக் கற்றுக்கொள்ளும்!

யகோவ் சஹாவி என்ற போக்குவரத்து ஆய்வாளர் 1970-களில் சொல்லி, பிறகு 1994-ல் செசாரே மார்செட்டி விரித்து எழுதிய ஒரு கருத்து உண்டு. எந்தக் காலத்திலும் எந்த ஊரிலும் மனிதர்கள் சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம் அளவே பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள். வாகனம் வேகமானால் அந்த நேரத்தை மிச்சப்படுத்துவதில்லை, இன்னும் தள்ளிக் குடியேறுகிறார்கள். நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இருந்தது நாளுக்கு இரண்டரை மணி நேரம்.

இவ்வளவும் என்னுடைய நாள். அந்த வாரத்தில் நான் கற்றுக்கொண்ட பெரிய விஷயம் என் நாளைப் பற்றியதே இல்லை.

அம்மாவுக்கு வயது 71. இங்கே நாங்கள் இருக்கும் தெரு அழகான தெரு இல்லை. சத்தம், தூசி, நெருக்கம். ஆனால் அம்மா காலை பத்து மணிக்கு ஒரு பையை எடுத்துக்கொண்டு கிளம்பினால் மருந்துக்கடை, நூலகம், பூங்காவின் கல் பெஞ்சு, அவருடைய தோழி குடியிருக்கும் மாடி என்று எல்லாவற்றையும் நடந்தே தொட்டுவிட்டு வருவார். யாரையும் கூப்பிட வேண்டாம், யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். இதை நான் ஒரு வசதியாக நினைத்ததே இல்லை. நோட்டில் அதற்கு இடமும் ஒதுக்கவில்லை.

பக்கத்து ஊரில் முதல் நாள் அம்மா வழக்கம்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார். வீட்டை ஒட்டிய தெரு அகலமாக, சுத்தமாக இருந்தது. அது போய்ச் சேரும் பெரிய சாலையில் நடைபாதை இல்லை. வண்டிகள் வேகமாகப் போகும் சாலை அது. கடப்பதற்கு ஒரு கோடுகூட வரைந்திருக்கவில்லை. ஓரத்தில் 15 நிமிடம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். இதை எங்களிடம் சொல்லவில்லை. மகள்தான் நான்காம் நாள் இரவு சொன்னாள்: “பாட்டி காலையிலிருந்து பால்கனியிலேயே உட்கார்ந்திருந்தார், அம்மா. பையை மடியில் வைத்துக்கொண்டு.”

அம்மாவிடம் கேட்டபோது, “காற்று நன்றாக வருகிறது. எனக்கென்ன குறை?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, விளக்கை அணைத்த பிறகு, “இங்கே ஒரு முகமும் கண்ணில் படவில்லை” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு நகரங்களை எட்டு மாதமாக ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஒப்பீட்டில் அலுவலகம் போகிறவரின் நேரம் இருந்தது, கடன் கட்டுகிறவரின் பணம் இருந்தது. வீட்டில் இருப்பவரின் நாள் ஒரு வரியில்கூட இல்லை. தூனனின் சமவெளியில் எல்லாரும் சந்தைக்குப் போகிறவர்கள். அலோன்சோவின் நகரத்தில் எல்லாரும் வேலைக்குப் போகிறவர்கள். தொலைவை அவர்கள் அளப்பது நகர நடுவிலிருந்து. அம்மாவின் தொலைவு வீட்டு வாசலிலிருந்து தொடங்குகிறது. அது 400 அடியில் முடிந்தும் போகலாம், ஒரு சாலையைக் கடக்க முடியாமல் முடிவில்லாமலும் போகலாம். அந்தத் தொலைவு விலையில் ஏறுவதே இல்லை என்று சொல்ல மாட்டேன். கொஞ்சம் ஏறும். ஆனால் விலையைப் பேசி முடிப்பது சம்பாதிக்கிறவர்கள். அவர்கள் கண்ணுக்கு எது படுகிறதோ அதற்குத்தான் விலை முழுசாக ஏறுகிறது.

மறுநாள் காலை நோட்டில் குறுக்கே புதிய கோடுகள் போட்டேன். வீட்டில் நான்கு பேர், நான்கு நிரல். ஒவ்வொருவருக்கும் காலை ஆறு மணியிலிருந்து இரவு பத்துவரை அந்த ஊரில் நாள் எப்படிக் கழியும் என்று எழுதினோம். அம்மாவின் நிரலை அம்மாவையே எழுதச் சொன்னேன். காலை பத்திலிருந்து நான்குவரை ஒரு கோடு இழுத்துவிட்டு, வேறொன்றும் எழுதாமல் கொடுத்தார்.

மகளின் நிரல் இதற்கு நேர்மாறு. அவளுக்கு ஒன்பது வயது. எங்கள் தெருவில் சைக்கிளை வாசலுக்கு வெளியே எடுக்கவே விடமாட்டோம். அந்த ஊரில் வீட்டை ஒட்டிய தெருவில் வண்டி நடமாட்டம் இல்லை. திங்கட்கிழமை இரண்டு பக்கமும் துணைச் சக்கரத்தோடு தொடங்கியவள், சனிக்கிழமை காலை ஒரு கையை விட்டுவிட்டு ஓட்டினாள். அவளுடைய முகத்தை அப்போது பார்த்த எவருக்கும், பெரிய நகரத்தின் மீது கோபம்தான் வரும். இரவில் அந்த ஊரின் அமைதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாரன் சத்தம் இல்லாமல் நான் ஆறு இரவு தூங்கினேன். மலிவான ஊர் என்றால் குறைபட்ட ஊர் என்று யாராவது எடுத்துக்கொண்டால் அது அநியாயம். சிலருடைய நாளுக்கு அது குறைவு. சிலருடைய நாளுக்கு அதுதான் முழுமை.

பள்ளியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் சந்தை மிகக் கூர்மையாக இருக்கிறது. பாஸ்டன் நகரத்தின் புறநகர்களில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று எல்லைக் கோடு உண்டு. கோட்டின் இரு பக்கமும் உள்ள வீடுகளின் விலையைப் பொருளியலாளர் சாண்ட்ரா பிளாக் 1999-ல் ஒப்பிட்டார். தெருவும் சூழலும் ஒன்றுதான்; பள்ளி மட்டும் வேறு. தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் உயர்வாக இருந்த பள்ளியின் பக்கம், பெற்றோர் வீட்டுக்குச் சுமார் 2.5 சதவீதம் கூடுதலாகக் கொடுத்திருந்தார்கள். அதற்கு 30 ஆண்டு முன்பே, 1969-ல், வாலஸ் ஓட்ஸ் நியூ ஜெர்சியின் 53 ஊர்களை வைத்து, சொத்து வரி கூடினால் வீட்டு விலை இறங்குவதையும், பள்ளிக்கு ஊர் அதிகம் செலவிட்டால் விலை ஏறுவதையும் காட்டியிருந்தார். பள்ளிக்காக ஊர் மாறுவதால் பணம் மிச்சமாகும் என்று எண்ண வேண்டாம்; அந்தப் பள்ளியின் விலை வீட்டு விலைக்குள் முன்பே உட்கார்ந்திருக்கும். பிள்ளை இல்லாதவர் அங்கே வீடு வாங்கினால், தனக்குப் பயன்படாத ஒன்றுக்குப் பணம் கட்டுகிறார் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

எங்களுக்கு வீடு காட்டிய தரகர் ஒவ்வொரு முறையும் ஒரு வரைபடத்தை விரிப்பார். அதில் சிவப்பு மையில் ஒரு கோடு. வரப்போகும் ரயில் பாதை. “அது வந்துவிட்டால் 35 நிமிடம்தான். அப்போது இந்த விலைக்குக் கிடைக்குமா?” என்று கேட்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டு ஊர்களுக்கு இடையிலான தொலைவை ஒரே ஒரு பாலம் மாற்றிவிடும். டென்மார்க்கின் கோபன்ஹேகனையும் ஸ்வீடனின் மால்மோவையும் பிரித்துக்கொண்டு கடல் கிடந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் ஓரசுண்ட் பாலமும் சுரங்கமும் திறந்து, காரும் ரயிலும் ஓடத் தொடங்கின. அதன் பிறகு கோபன்ஹேகனில் வேலை பார்த்துக்கொண்டே, வீடு மலிவாகக் கிடைத்த மால்மோவில் டென்மார்க்காரர்கள் குடியேறினார்கள். இரண்டு நாடு, இரண்டு நாணயம். ஆனாலும் அவை அதன் பிறகுதான் உண்மையில் பக்கத்து ஊர்கள் ஆயின.

கதை அங்கே முடியவில்லை. 2016 ஜனவரியில் ஸ்வீடன் எல்லையில் அடையாள அட்டைச் சோதனையைக் கொண்டுவந்தது. தினமும் வீடு திரும்பும் பயணிகள் ரயிலுக்கு முன் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. பாலம் அப்படியே இருந்தது, கிலோமீட்டர் மாறவில்லை, பயண நேரம் நீண்டுவிட்டது. அடுத்த ஆண்டு மே மாதம்தான் அந்தச் சோதனை விலக்கப்பட்டது. பக்கத்து ஊரில் வீடு வாங்குகிறவர், நடுவில் இருக்கும் சாலையையும் பாலத்தையும் ரயில் நேர அட்டவணையையும் சேர்த்தே வாங்குகிறார். ஆனால் அவற்றில் எதுவும் அவர் கையில் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும் ரயிலுக்கு விலை கொடுக்கலாம். வரைபடத்தில் மட்டும் ஓடும் ரயிலுக்கு ஒரு காசும் கொடுக்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அது வரும் நாளில் என் மகளுக்குத் திருமண வயதாகியிருக்கலாம்.

விலையில் எவ்வளவு இன்றைய பயன், எவ்வளவு நாளைய நம்பிக்கை என்று பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது: வாடகை. வாடகை கொடுக்கிறவர் இன்று குடியிருப்பதற்கு மட்டும் கொடுக்கிறார். வரப்போகும் ரயிலுக்குக் கொடுப்பதில்லை. வீட்டின் விலையை, அதே மாதிரி வீட்டின் ஓர் ஆண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். நாங்கள் பார்த்த வீடுகளில் பெரிய நகரத்தில் விலை 28 ஆண்டு வாடகைக்குச் சமமாக இருந்தது. பக்கத்து ஊரில் 36 ஆண்டு. மலிவானது என்று நாங்கள் ஓடிப்போன ஊரில்தான், இன்றைய பயனுக்கு மேல் அதிகம் கேட்டிருக்கிறார்கள். வேறு விதமாகச் சொன்னால், அங்கே விலை எங்கள் ஊரில் பாதிக்குச் சற்று மேல். வாடகை பாதிக்கும் கீழ். அந்த ஊர் பிடித்திருந்தால் முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பதே புத்தி.

நாங்கள் தங்கிய மேல்மாடியின் உரிமையாளர் அம்மையார் கிளம்பும் நாளன்று ஒரு விஷயம் சொன்னார். அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை ஒரு பக்கக் கதையாகிவிடும். “உங்களுக்கு இது மலிவான ஊர். என் மகன் இங்கேதான் பிறந்தான், இங்கேதான் வேலை. அவனால் இந்த ஊரில் வீடு வாங்க முடியவில்லை” என்றார். ஒரு நகரத்தில் வீடு கைக்கு எட்டுமா என்று பார்க்க, நடுத்தர வீட்டு விலையை அந்த ஊரின் நடுத்தரக் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தால் வகுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். மூன்று மடங்குக்குள் இருந்தால் எட்டும், ஐந்தைத் தாண்டினால் எட்டுவது மிகக் கடினம் என்று ஒரு பொது அளவும் சொல்லப்படுகிறது. எங்களைப் போன்றவர்கள் பெரிய நகரத்துச் சம்பளத்தைச் சிறிய நகரத்து விலையால் வகுத்துவிட்டு மலிவு என்கிறோம். அவருடைய மகன் சிறிய நகரத்துச் சம்பளத்தோடு எங்களுக்குப் பக்கத்தில் நின்று ஏலம் கேட்க வேண்டியிருக்கிறது. பிடித்த ஊருக்கு மக்கள் காலால் நடந்துபோய் வாக்களிக்கிறார்கள் என்ற கருத்தை 1956-ல் சார்லஸ் டீபோ என்ற பொருளியலாளர் முன்வைத்தார். அந்தத் தேர்தலில், முன்பே அங்கே இருப்பவருக்கு வாக்கு எத்தனை என்ற கேள்வி என்னை இன்னும் விடவில்லை. நான் அவருக்கு ஒன்றும் பதில் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுத்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நாங்கள் கடைசியில் இந்த நகரத்திலேயே வாங்கினோம். நோட்டில் 14-வது வரியில் இருந்த வீடு. ஆசைப்பட்ட அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். கட்டி 22 ஆண்டாகிவிட்டது. குளியலறை ஜன்னலுக்குக் கீழே ஈரம் ஊறிய ஒரு கறை, உள்ளங்கை அகலத்தில். முதல் முறை பார்த்தபோது அந்தக் கறைக்காகவே ஒதுக்கிவிட்ட வீடு. அங்கிருந்து அம்மாவின் கல் பெஞ்சுக்கு இரண்டு தெரு. கூடுதல் அறை இல்லை. என் மேசை, மகளின் மேசை இரண்டும் கூடத்தில் ஒரே ஜன்னலுக்கு அடியில் ஒட்டிப் போடப்பட்டிருக்கின்றன. தவணை கனமாகத்தான் இருக்கிறது. சில மாதம் மூச்சு முட்டுகிறது. இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

என் அக்காவுக்கு அதே நோட்டைக் கொடுத்தேன். அத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர். மாதத்துக்கு இரண்டு முறைதான் நகரத்துக்கு வர வேண்டும். அக்கா வேலைக்குப் போகவில்லை, கார் ஓட்டத் தெரியும், இரண்டு பையன்கள். அவர்களும் நான்கு நிரல் போட்டு எழுதினார்கள். நான்கும் ஒன்றுபோல நிறைந்தன. பக்கத்து ஊரில் நாங்கள் தங்கிய அதே தெருவில், ஒரு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்து இருந்து பார்த்துவிட்டு, போன மாதம் பத்திரம் பதிந்தார்கள். அக்கா முடிவில் மகிழ்ச்சியாக இருக்கிறாள். சாலையைக் கடக்க ஒரு கோடு வரையச் சொல்லி நகராட்சிக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறாள். தெருவில் இருக்கும் வயதானவர்கள் 17 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களாம். அத்தனை பேர் அந்த வீடுகளுக்குள் இருக்கிறார்கள் என்று எங்களுக்கு அந்த ஒரு வாரத்தில் தெரியவே இல்லை.

மகளின் சைக்கிள் இப்போது அக்கா வீட்டில் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை, கூட்டம் குறைந்த பத்து மணி பஸ்ஸில் அம்மாவும் மகளும் போகிறார்கள். ஜன்னலோர இருக்கைக்கு இருவருக்கும் போட்டி.